உருண்டை என்றால் எவ்வளவு உருண்டை?

நல்லூரில் கொடி ஏறியதும் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கடைகள் நிறைந்துவிடும். கச்சான், ஐஸ்கிறீம், வளையல், பிளாஸ்ரிக் சாமான்கள். அந்தச் சாமான்களுக்குள் கறுப்பு நிற விளையாட்டுத் துவக்கு ஒன்றும் தொங்கும். கூடவே ஒரு சின்னப் பையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பிளாஸ்ரிக் குண்டுகள். வீட்டுக்கு வந்த பிள்ளை மதிலில் பால்மாப் பேணி ஒன்றை வைத்துக் குறிபார்க்கும். சில குண்டு படும், சில குண்டு தவறும். பை முடிந்ததும் வேறொரு கடையில் வேறொரு பை வாங்குவார்கள். அதே துவக்கு, அதே பேணி, அதே கை. இப்போது ஒரு குண்டு இடப்பக்கம் வளைகிறது, அடுத்தது பாதி வழியில் விழுகிறது, மூன்றாவது குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. "அப்பா, துவக்கு பழுதாப் போச்சு" என்று பிள்ளை வந்து நிற்கும். அப்பாவும் துவக்கைக் கழற்றிச் சுருள்வில்லைப் பார்ப்பார்.

சுருள்வில்லில் பெரும்பாலும் ஒரு பிழையும் இராது. பார்க்கவேண்டியது குண்டை.

துவக்கு என்ற சொல்லே எங்கள் மண்ணில் பலருக்கு வலிக்கும். விளையாட்டுக்குக்கூட அதை வீட்டுக்குள் எடுக்காத குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுடைய முடிவை முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் வாங்கியவர்கள் வீட்டில் அது இருக்கிறது, பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் முந்நூறு ஆண்டுப் பௌதிகவியல் ஒளிந்திருக்கிறது.

விசையை இழுத்ததும்

இந்தத் துவக்கில் வெடிமருந்து கிடையாது. பின்னால் இழுத்து மாட்டிய சுருள்வில் விடுபட்டு ஒரு ஆடுதண்டை முன்னே தள்ளுகிறது. ஆடுதண்டு உருளைக்குள் இருக்கும் வளியை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட வளியின் அமுக்கம் குண்டைக் குழல் வழியே வெளியே தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை அடைத்து அமத்தினால் விரலை உதைப்பதும் இதே வளி அமுக்கம்தான்.

துப்பாக்கிச் சட்டங்கள் மிக இறுக்கமான யப்பானில் 1970களில் இந்த வகை உருவானது. எயார்சொஃப்ட் என்று உலகம் முழுவதும் பெயர் பரவியது. பெரியவர்கள் கண்ணாடி, முகமூடி அணிந்து குழுவாக ஆடும் ஆட்டமாகவும் வளர்ந்தது. 1991இல் டோக்கியோ மருயி நிறுவனம் மின்மோட்டார் பூட்டிய துவக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை கூடிய அந்தத் துவக்குகளுக்கும் நல்லூர்க் கடைத் துவக்குக்கும் குண்டின் பெயரளவு ஒன்றே: 6 மில்லிமீற்றர். நடைமுறையில் நல்ல குண்டு 5.95 மில்லிமீற்றர் விட்டத்தில் செய்யப்படும். குழலின் உள்விட்டம் பெரும்பாலும் 6.08 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்திலிருந்து தொடங்குவோம்.

ஒரு தலைமயிர் அளவு இடைவெளி

குண்டு குழலின் நடுவில் நின்றால் சுற்றிவர 0.065 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு. அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் குண்டு நகராது. ஆனால் அதன் வழியே வளி ஒழுகும். ஒழுகும் வளி குண்டைத் தள்ளாது, வீணாகப் போய்விடும்.

குழல்வாயின் பரப்பில் அந்த இடைவெளி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. இப்போது மட்டமான பை ஒன்றிலிருந்து 5.80 மில்லிமீற்றர்க் குண்டு ஒன்றை எடுத்துப் போடுங்கள். குறைந்தது 0.15 மில்லிமீற்றர்தான். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் இடைவெளியின் பரப்பு 9 சதவீதமாகிவிடுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் ஒழுக்கு. ஒரே பையில் 5.80உம் 5.95உம் கலந்திருந்தால் ஒவ்வொரு முறையும் குண்டு வேறு வேறு வேகத்தில் புறப்படும். பேணிக்கு மேலும் கீழும் மாறி மாறிப் போவதற்கு முதற் காரணம் இது. அதே பையில் 6.08ஐத் தாண்டிய குண்டு ஒன்று கலந்துவிட்டால், அதுதான் குழலுக்குள் சிக்கியது.

யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனவர்கள் பண்ணைக் கடலைப் பார்த்த கொத்தளங்களில் நின்றிருப்பார்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்து, பிறகு ஐங்கோணமாகத் திருத்திக் கட்டி, 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்த கோட்டை. அந்தக் காலத்துப் பீரங்கிகளும் இதே இடைவெளியோடுதான் மல்லுக்கட்டின. வார்ப்பிரும்புக் குண்டு சரியான உருண்டையாக வராது, துருப்பிடித்துத் தடிக்கும், வெடிமருந்துக் கரி குழலுக்குள் படியும். அதனால் குண்டைச் சிறிதாகவே வார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பீரங்கிகளில் குண்டின் விட்டம் 20 பங்கு என்றால் குழலின் விட்டம் 21 பங்கு. பரப்பில் கணக்கிட்டால் ஒழுக்கு வழி 9 சதவீதம். நமது மட்டமான பிளாஸ்ரிக் குண்டு கொடுக்கும் அதே எண்! 1770களில் ஸ்கொட்லாந்தின் கறன் வார்ப்பாலை, குண்டும் குழலும் நெருங்கிப் பொருந்தும் கட்டையான பீரங்கியைச் செய்தபோது கொஞ்ச மருந்திலேயே பெரிய குண்டைச் செலுத்த முடிந்தது. பீரங்கியைப் பெரிதாக்காமல் குண்டைச் செம்மையாக்கியதால் கிடைத்த பலன் அது.

வீட்டில் இதை அளக்க சாதாரண அடிமட்டம் போதாது. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை யாராவது அயலில் இருந்தால், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சி இருக்கும். நூறில் ஒரு மில்லிமீற்றர் வரை காட்டும் கருவி. ஒவ்வொரு குண்டையும் மூன்று திசைகளில் திருப்பித் திருப்பி அளக்கவேண்டும். ஒரு திசையில் 5.94, இன்னொரு திசையில் 5.86 என்று வந்தால் அது உருண்டை இல்லை, முட்டை.

கடலூரில் இறந்த கணிதர்

வேகம் கூடிக் குறைவதால் குண்டு மேலும் கீழும் மாறும். இடமும் வலமும் வளைவது எதனால்?

பெஞ்சமின் றொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் இதைத் தேடினார். 1742இல் பீரங்கி அறிவியல் பற்றி அவர் எழுதிய நூல் அந்தத் துறையையே மாற்றியது. ஈயக்குண்டு பக்கவாட்டில் வளைவதற்குக் காரணம் அதன் சுழற்சி என்றார். குழலுக்குள் போகும்போது குண்டு ஏதோ ஒரு சுவரில் உரசுகிறது. உரசிய பக்கம் பின்தங்க, குண்டு சுழலத் தொடங்குகிறது. சுழலும் குண்டு தன்னோடு ஒட்டிய வளியையும் கொஞ்சம் இழுத்துத் திருப்புகிறது. வளி ஒரு பக்கம் தள்ளப்பட்டால் குண்டு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். வலச் சுவரில் உரசி வந்தால் வலப்பக்கம் வளையும், இடச் சுவரில் உரசி வந்தால் இடப்பக்கம்.

இதைக் காட்ட அவர் செய்த சோதனை மிக அழகானது. ஒரு துவக்கின் குழல் முனையை இடப்பக்கம் வளைத்தார். வளைந்த குழலில் குண்டு வலச் சுவரை உரசித்தான் வெளியேற முடியும். சுட்டபோது குண்டு முதலில் குழல் காட்டிய இடப்பக்கமே போனது. தூரம் போகப் போக வலப்பக்கம் திரும்பி, நேர்கோட்டையும் கடந்து போய்விட்டது.

றொபின்ஸின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் லியோனார்ட் ஒய்லர், உலகின் மிகப் பெரிய கணிதர்களில் ஒருவர். அவருக்கு இந்தச் சுழற்சி விளக்கம் பிடிக்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக வார்க்கப்படாததுதான் காரணம் என்று வாதாடினார். ஒய்லரின் மதிப்பு பெரிது, றொபின்ஸின் கருத்து நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. 1852இல் பெர்லினில் குஸ்தாவ் மக்னஸ் ஆய்வு செய்தபின் அந்த விளைவுக்கு மக்னஸ் பெயரே நிலைத்துவிட்டது. பெயரில் றொபின்ஸுக்கு நடந்தது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

கிழக்கிந்தியக் கம்பெனி றொபின்ஸைக் கோட்டைகளைச் சீரமைக்கும் தலைமைப் பொறியியலாளராக அனுப்பியது. 1751இல் கடலூருக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். பாக்குநீரிணைக்கு அப்பால், சோழமண்டலக் கரையில்.

சுழற்சி பற்றிய விவாதத்தில் வென்றவர் றொபின்ஸ். ஆனால் திருவிழாக் கடைக் குண்டைக் கையில் எடுத்தால் ஒய்லர் சொன்னதும் உயிரோடு இருக்கிறது. பிளாஸ்ரிக் குண்டு இரண்டு அரைக்கோள அச்சுகளுக்கு நடுவில் வார்க்கப்படுகிறது. அச்சுகள் சேரும் இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு எழும். உருகிய பிளாஸ்ரிக் உள்ளே நுழைந்த இடத்தில் ஒரு மரு. நல்ல தயாரிப்பாளர் இவற்றை அரைத்து மினுக்கிவிடுவார். மட்டமானதில் நகத்தால் வருடினாலே வரம்பு தட்டுப்படும். உடைந்த போளை நேரே உருளுமா? அதுபோல வரம்புள்ள குண்டு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சுவரை உரசி, வேறு திசையில் சுழன்று, வேறு பக்கம் வளைகிறது. வளைவது ஒரே பக்கமாக இருந்தாலாவது குறியை மாற்றிச் சமாளிக்கலாம். இங்கே எந்தப் பக்கம் என்றே தெரியாது.

விலை கூடிய துவக்குகளில் இந்தச் சுழற்சியையே நல்ல வேலைக்கு வைத்துவிட்டார்கள். குழலின் தொடக்கத்தில் மேற்பக்கம் ஒரு சிறு இறப்பர் மேடு இருக்கும். குண்டின் தலை அதில் உரசுவதால் எப்போதும் பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி குண்டை மேலே தூக்கிப் பிடிக்க, விழாமல் நெடுந்தூரம் போகும். அங்கே குண்டின் செம்மை இன்னும் முக்கியம், ஏனென்றால் இறப்பர் பிடிப்பது வரம்பையா வழுவழுப்பையா என்பதைப் பொறுத்துத் தூக்கலும் மாறும்.

0.12ஆ, 0.20ஆ?

பைகளில் ஓர் எண் அச்சிட்டிருக்கும்: 0.12, 0.20, 0.25. கிராமில் குண்டின் திணிவு அது. திணிவு என்பது ஒரு பொருளில் உள்ள சடத்தின் அளவு. திருவிழாக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 0.12. இந்த எண் தற்செயலாக வந்ததில்லை. 5.95 மில்லிமீற்றர் உருண்டையின் கனவளவு 0.11 கன சென்ரிமீற்றர். சாதாரணப் பிளாஸ்ரிக்கை அதில் நிரப்பினால் ஏறக்குறைய 0.12 கிராம் வரும். 0.20 வேண்டுமென்றால் பிளாஸ்ரிக்கோடு கனமான கனிமத் தூளைக் கலக்கவேண்டும்.

எது நல்லது? ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம். சுருள்வில் கொடுக்கும் சக்தி இரண்டுக்கும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். 0.12 கிராம் குண்டு செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால், அதே சக்தியில் 0.20 கிராம் குண்டு செக்கனுக்கு 39 மீற்றரில்தான் புறப்படும். புறப்படும்போது சின்னவன் முன்னே.

வெளியே வந்ததும் வளி இரண்டையும் தடுக்கிறது. அளவு ஒன்று என்பதால் ஒரே வேகத்தில் தடையும் ஒன்று. ஆனால் இலேசான குண்டை அந்தத் தடை கூடுதலாக மந்தப்படுத்தும். என் கணக்கில், 0.12 குண்டு ஏறக்குறைய 11.5 மீற்றர் போவதற்குள் வேகத்தில் பாதியை இழக்கிறது. 0.20 குண்டு பாதியை இழக்க 19 மீற்றர் போகவேண்டும். 5 மீற்றரில் இலேசானது 37, கனமானது 32. பத்து மீற்றரை அண்டியதும் இரண்டும் 27இல் சமமாகின்றன. 15 மீற்றரில் இலேசானது 20, கனமானது 22. இருபதில் 15உம் 19உம்.

முற்றத்தில் 5 மீற்றரில் பேணி அடிக்கும் பிள்ளைக்கு 0.12 போதும். இன்னும் சொன்னால், அதுதான் பொருத்தம். பத்து மீற்றரை அடைய இலேசானது 0.27 செக்கன் எடுக்கிறது, கனமானது 0.31 செக்கன். அந்த நேரத்துக்குள் இலேசானது 37 சென்ரிமீற்றர் கீழே விழும், கனமானது 47. சக்தி குறைந்த துவக்கில் கனமான குண்டைப் போட்டால் பேணிக்குக் கீழே மதிலில்தான் படும். கனமான குண்டு எப்போதும் சிறந்தது என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். நல்லூர்த் திருவிழா வருவது சோளகம் வீசும் காலம். பக்கவாட்டில் செக்கனுக்கு 3 மீற்றர், அதாவது இலை அசையும் அளவு காற்று இருந்தாலே, பத்து மீற்றரில் இலேசான குண்டு 22 சென்ரிமீற்றர் ஒதுங்குகிறது, கனமானது 16. பேணியின் அகலமோ 10 சென்ரிமீற்றர். குண்டு எவ்வளவு திறமாக இருந்தாலும் சோளகத்தில் குறி தவறத்தான் செய்யும்.

உப்புத் தண்ணீரில் ஒரு சோதனை

அளவும் சரி, மினுக்கமும் சரி. இருந்தும் குண்டு தள்ளாடுகிறது என்றால் பிழை உள்ளே. உருகிய பிளாஸ்ரிக் அச்சுக்குள் வெளியிலிருந்து உள்நோக்கி ஆறுகிறது. வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உட்பகுதி ஆறும்போது சுருங்க, இடம் போதாமல் நடுவில் வெற்றுக்குமிழி உண்டாகும். அவசரப்பட்டு அச்சைத் திறக்கும் ஆலையில் இது அதிகம். குமிழி சரி நடுவில் இருந்தால் திணிவு மட்டும் குறையும். ஒரு பக்கம் ஒதுங்கினால் புவியீர்ப்பு மையமும் மறுபக்கம் ஒதுங்கும், குண்டு சுழலும்போது ஆடும்.

இதை வெட்டாமலே கண்டுபிடிக்கலாம். முதலில் ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரில் 0.12 குண்டுகளைப் போடுங்கள். திடமான குண்டின் அடர்த்தி தண்ணீரைவிடச் சுமார் 5 சதவீதம் கூட, அதனால் தாழவேண்டும். நன்றாக அமத்தி நனைத்த பிறகும் மிதந்து வரும் குண்டுக்குள் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டிய குமிழி இருக்கிறது என்று பொருள். அதைத் தூக்கி எறியுங்கள்.

தாழ்ந்தவற்றுக்கு இரண்டாவது சோதனை. ஆனையிறவு உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் நிற்கும் நீர் இவற்றை மிதக்கவைக்கும் அளவுக்குத் தாராளமாக அடர்ந்தது. வீட்டில் ஒரு லீற்றர் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்தாலே போதும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள், இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பு இழுவை இவ்வளவு சின்னக் குண்டைப் பிடித்துவைத்துச் சோதனையைக் கெடுத்துவிடும். குண்டு மிதந்து அமைதியானதும் மேலே தெரியும் புள்ளியில் அழியாத பேனையால் ஒரு பொட்டு வையுங்கள். ஈர்க்கால் தட்டிச் சுழற்றிவிடுங்கள். பொட்டு எங்கே வேண்டுமானாலும் நின்றால் குண்டு சமநிலை உள்ளது. ஒவ்வொரு முறையும் பொட்டே மேலே திரும்பி வந்தால் குமிழி அதற்குக் கீழே இருக்கிறது. கோல்ஃப் ஆடுபவர்கள் தங்கள் பந்துக்குச் செய்யும் சோதனை இது, இங்கே பந்து கொஞ்சம் சின்னது.

0.20 குண்டு எந்த உப்புத் தண்ணீரிலும் மிதக்காது. அதற்கு மில்லிகிராம் காட்டும் தராசு தேவை. கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றில் தெரிந்தவர் இருந்தால், பத்துப் பத்தாக நிறுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பத்தும் 2 கிராமை அண்டி ஒன்றுபோல வந்தால் நல்ல பை.

கோல்ஃப் என்றதும் ஒரு சந்தேகம் வரவேண்டும். அந்தப் பந்தில் குழிகள் இருப்பதால்தானே கூடத் தூரம் போகிறது, நமது குண்டு மட்டும் ஏன் வழுவழுப்பாக இருக்கவேண்டும்? குழிகள் உதவ, பந்தின் பருமனும் வேகமும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டவேண்டும். கோல்ஃப் பந்து ஏழு மடங்கு பெரிது, வேகமும் கூட. நமது குண்டு அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. அதில் கீறல் விழுந்தால் நட்டம் மட்டுமே.

மணல், வெயில், கண்

குண்டு முடிந்ததும் பிள்ளைகள் முற்றத்தில் பொறுக்குவார்கள். சிக்கனம் என்று தோன்றும். குடாநாட்டு மணலில் விழுந்த குண்டில் கீறல் விழுந்திருக்கும், சிலவற்றில் மணற்பருக்கை ஒட்டியிருக்கும். ஒரு பருக்கை குழலுக்குள் போனால் அதன்பின் வரும் எல்லாக் குண்டுகளையும் கீறும், நல்ல குண்டையும் சேர்த்து. மதிலில் மோதிய குண்டில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அடுத்த முறை குழலுக்குள்ளேயே உடையலாம். பொறுக்கியதைக் குப்பையில் போடுங்கள். போடாவிட்டால் அது மண்ணில் கிடந்து கோழி கொத்தும்.

உக்கும் பிளாஸ்ரிக்கில் செய்த குண்டும் உண்டு. மண்ணுக்கு நல்லது என்று வாங்குபவர்கள் அதைக் காற்றுப் புகாமல் மூடி, நிழலில் வைக்கவேண்டும். ஈரப்பதனில் அது மெல்ல நொய்ந்துபோகும். 60 பாகை செல்சியஸை அண்டினால் இளகும். பங்குனி, சித்திரை வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே அந்த வெப்பம் வரும். இளகி ஒரு பக்கம் தட்டையான குண்டை எந்தச் சோதனையும் காப்பாற்றாது.

கடைசியாக, செம்மையான குண்டைத் தேடிப் பிடித்தவர்களுக்கு. மேலே செய்த கணக்கில் 20 மீற்றரில் 0.20 குண்டிடம் மிஞ்சியிருக்கும் சக்தி, 0.12 குண்டிடம் இருப்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். யப்பான் 2006இல் சட்டத்தைத் திருத்தி 6 மில்லிமீற்றர்க் குண்டுக்குச் சுமார் 0.98 யூல் என்று உச்ச எல்லை வைத்தது. நாம் கணக்கிட்ட துவக்கு புறப்படும் இடத்திலேயே 0.15 யூல்தான். தோலில் பட்டால் சிவக்கும், அவ்வளவே. கண்ணுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. இத்தகைய குண்டு பட்டுக் கண்ணின் முன்னறையில் இரத்தம் தேங்கிய பிள்ளைகளைப் பற்றிப் பல நாட்டுக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படி நடந்தால் கண்ணைக் கசக்கவிடாமல், கழுவாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். குறிபார்க்கும் பிள்ளைக்கும் பேணியை எடுத்துவைக்க நிற்கும் தம்பி தங்கைக்கும், கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பேணி மதிலுக்கு முன்னால் இருக்கட்டும், மதிலுக்கு அப்பால் ஒழுங்கை இருந்தால் வேறு இடம் பாருங்கள்.